உப்பளத்துப் பேச்சித்தாய்க்கு நாற்காலி கிடைத்த கதை

செம்பரிதி என்றொரு நாடு இருந்தது. அங்கே மனநல மருத்துவர்கள் எல்லோரும் அரண்மனையைச் சுற்றியுள்ள நான்கு தெருக்காரர்கள். நாடு அப்படித்தான் நம்பியிருந்தது.

மனைவியை இழந்த உப்பளத் தொழிலாளி சுடலைமுத்து, தலைமை மருத்துவர் அருள்வாகீசரிடம் வந்தான்.

"நெஞ்செல்லாம் உப்பாக் கரிக்கி ஐயா."

"உணவில் உப்பைக் குறைக்கவும்" என்றார் அவர். சுடலைமுத்து ஊர் திரும்பிப் பேச்சையே நிறுத்திவிட்டான்.

செய்தி அரசிக்கு எட்டியது. "மருத்துவ அவையில் எல்லா மக்களுக்கும் இடம் வேண்டும்" என்றாள் அரசி. அதற்கென்றே அமைச்சராக்கப்பட்ட திருமேனிநாதர் உடனே செயலில் இறங்கினார். மருத்துவமனைச் சுவரில் மலைமக்களும் மீனவர்களும் உப்பளத்தாரும் சிரிப்பதுபோல் படங்கள் தீட்டப்பட்டன. அடுத்து, ஒவ்வொரு நோயாளியையும் ஏழு வட்டார வழக்குகளில் வரவேற்கும்படி ஆணை வந்தது. வரவேற்பு முடிவதற்குள் பொழுது சாய்ந்தது. வரிசை கடைவீதிவரை நீண்டது. வரிசையைக் குறைக்க, துயரத்தை இலக்கணச் சுத்தமாகச் சொல்ல நோயாளிகளுக்கு வகுப்பும் தேர்வும் வைத்தார்கள். தோற்றவர்கள் கூடுதலாக ஒரு துயரத்தோடு வரிசைக்குத் திரும்பினார்கள்.

உப்பளத்தில் பிறந்த பேச்சித்தாய், மற்றவர்கள் எழுதிய அதே தேர்வில் தேறிய மருத்துவர். அவையில் நாற்காலி காலியில்லை என்று சொல்லி, சுவரில் உப்பளத்தாருக்காகத் தீட்டிய அவளது படத்துக்கு அருகில் நிற்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

சுடலைமுத்துவை உறவினர்கள் மறுபடி அழைத்துவந்த அன்று, அவள் நிற்கவில்லை. முற்றத்தில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மதினி போனதுல இருந்து யாருகிட்டயாவது வாய்விட்டு அழுதியளா அண்ணாச்சி?"

"யாரு கேட்டா தாயி?" என்றான். பிறகு வெகுநேரம் அழுதான், பேசினான். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்கு நகர்ந்தார்கள்.

திருமேனிநாதர் ஓடிவந்தார். "இருக்கையின்றி மருத்துவம் பார்ப்பது விதிமீறல்!"

"அப்ப இருக்கையக் குடுங்க ஐயா. நானா வேண்டாங்கேன்?"

கூட்டம் சிரித்தது. பார்வையிட வந்திருந்த அரசியும் சிரித்துவிட்டாள். "அமைச்சரே, உமது நாற்காலியை எடுத்து வாரும்."

மறுநாள் காலை பேச்சித்தாயின் புது அறைக்கு முதலில் வந்தவர் அருள்வாகீசர். கதவைச் சாத்தினார், சன்னலையும் சாத்தினார்.

"என்னப் பெத்த ஐயாவும் உப்பளந்தாம்மா" என்றார், மிகத் தணிந்த குரலில். "இந்த உப்பளப் பேச்சு வாயில வந்துருமோன்னு பயந்தே காலம் போச்சு."

பேச்சித்தாய் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "சத்தமாத்தான் சொல்லுங்களேன் அண்ணாச்சி."

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல முகம் இளகி, கடைசியில் வாய்விட்டுச் சிரித்தே விட்டார்.

வெளியே, நான்கு தெருக்காரர்களாக அறியப்பட்ட மற்ற மருத்துவர்கள் துண்டால் முகத்தை மூடியபடி காத்திருந்தார்கள். உள்ளே என்ன சிரிப்பு என்று ஒருவர் மலைப்பேச்சில் கேட்டார். இன்னொருவர் மீனவர் பேச்சில் பதில் சொன்னார்.