ரொபேர் காரின் ஆரஞ்சு விளக்கு

“திரும்ப எரியுது புருஷோத்தமா! நேத்து சாயங்காலம் அணைச்சிட்டுப் போனியே, இப்ப வந்து பாரு!”

போனிலேயே கத்தினார் ரொபேர். லாஸ்பேட்டை வீட்டு வாசலில் நின்ற கார், மகன் வின்சான் ஜப்பானில் வேலை முடித்துத் திரும்பும்போது கப்பலில் இறக்கியது. அப்பாவிடம் அதை விட்டுவிட்டு அவன் பெங்களூர் போய்விட்டான். சாவியைத் திருப்பினால் ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்று ஓர் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. ஏனென்று பார்க்கலாமென்றால், காரோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து.

எரிந்தால் எரியட்டும் என்று ஓட்டிவிடுகிற ஆளா ரொபேர்? பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்த சொல்தா. எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியை எடுக்கக்கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு.

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலுக்கு மூன்றே நாள். பழைய சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு அணிவகுப்புக்கு வருவார்கள். போன வருஷம் ரொபேர் ஆட்டோவில் போய் இறங்க, கூட வேலை பார்த்த தேவதாஸ் அத்தனை பேர் முன்னாலும், “என்னா முசே, ஷேர் ஆட்டோவா?” என்று கேட்டுவிட்டான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. இந்த வருஷம் தன் கையால் காரை ஓட்டிப் போய் அவன் மூக்குக்கு நேரே நிறுத்தியாக வேண்டும்.

அந்தக் காரை அவர் ஓட்டியது ஒரே ஒரு தடவைதான், போன வாரம். அன்று எதிரே வந்த பஸ், ஆட்டோ, தண்ணி லாரி அத்தனையும் தப்பான பக்கத்தில் வந்தன.

“பிரான்ஸ்ல இப்படி ஒரு கூத்தப் பார்த்ததே இல்ல. இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியல!” என்று பொரிந்து தள்ளினார்.

பக்கத்து சீட்டில் வந்த மனைவி ஏலேன் இறங்கியதும் நேரே மாதா கோயிலுக்குப் போய் ஏழு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். மறுநாள் காலையிலிருந்துதான் இந்த விளக்கு.

உழவர்கரையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் புருஷோத்தமன் வந்தான். குனிந்தான், முகர்ந்தான்.

“கடல் காத்து முசே. சென்சார்ல உப்பு பூத்திருக்கு.”

அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தான். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினான். விளக்கு அணைந்தது. ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. ஹாரன் ஒயரைப் பிடுங்கினான். அலறல் நின்று வைப்பர் ஓட ஆரம்பித்தது.

“வைப்பர் ஓடினா ஓடட்டும், விடு” என்றார் ரொபேர் பெருந்தன்மையாக.

மறுநாள் காலையில் காரைத் துடைக்கச் சாவி வாங்கிப் போன வேலைக்காரி சரிதா ஓடிவந்தாள். “முசே, லைட்டு எரியுது!”

“அப்ப பனிதான்” என்றான் புருஷோத்தமன்.

“ஜூலைல ஏதுடா பனி?”

“ஜப்பான் வண்டிக்கு இதுவே பனி முசே. போர்ட்டிகோவுல ஏத்திடலாம்.”

விளக்கு எரிகிற வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாதே! தள்ளியே ஏற்றினார்கள். ஏலேனின் ரோஜாத் தொட்டி ஆறும் நொறுங்கின. இடது பக்கக் கண்ணாடி தூணோடு தங்கிவிட்டது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியதும் விளக்கு அணைந்தது.

“பூ போனா போவட்டும்” என்றாள் ஏலேன். இவ்வளவு பொறுமைசாலியா என்று ரொபேருக்கே ஆச்சரியம்.

பதின்மூன்றாம் தேதி காலை.

“முசே, லைட்டு எரியுது!”

ரொபேருக்கு அழுகையே வந்துவிட்டது. தேவதாஸின் பல் கண்முன் வந்து நின்றது. “ஏதாவது பண்ணு புருஷோத்தமா. நாளைக்கு மறுபடி ஆட்டோவுல போய் இறங்கினா என் மானம் கப்பலேறிடும்!”

புருஷோத்தமன் நெடுநேரம் யோசித்தான். பிறகு பையிலிருந்து கறுப்பு டேப் எடுத்து, விளக்கின்மேல் நறுக்கென்று ஒட்டினான்.

ரொபேர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

“கண்ணுக்குத் தெரியாதத ரிப்போர்ட்ல எழுத முடியாது. அதான் ராணுவச் சட்டம். பிராவோ!” என்று அவனைக் கட்டிக்கொண்டார். “ஏலேன், மெடலை எடுத்து வை! நாளைக்கு நான்தான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்கார்ற!”

ஏலேனின் முகம் வெளுத்தது.

துணியைப் பிழிந்துகொண்டிருந்த சரிதா, டேப்பையும் எஜமானியம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“மதாம், இந்த லைட்டத்தான் ஒட்டிட்டாங்களே. நாளைக்குக் காலையில நான் வேற எந்த பட்டன அமுக்கட்டும்?”