போரா என்றால் போறா இல்லை

போடியிலிருந்து மலை உச்சிவரை எத்தனை மொட்டை மாடிகள் உண்டோ, அத்தனையிலும் ஒழுங்காக நிற்கும் ஆண்டெனா ஒன்றுகூடக் கிடையாது. நான் சொல்லவில்லை, 'ஒரு நூல்' அண்ணன் சொல்வார். அவர் கையாலேயே மாட்டியவையும் அதில் சேர்த்தி.

பெற்றவர்கள் வைத்த பேர் யாருக்கும் தெரியாது. நெட் வராத வீடுகளுக்கு வெளி ஆண்டெனா மாட்டிக்கொடுப்பது அவர் தொழில். கொத்தனார் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "இன்னும் ஒரு நூல் திருப்புனா பிச்சுக்கிட்டு வரும் அப்பு" என்பார். திருப்புவார். இருந்ததும் போய்விடும்.

போடியில் ஒரு மருந்துக்கடையில் நாலு கோடு சிக்னல் வந்துவிட்டது. "போதும்ணே, இறங்குங்க" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ஐந்தாவது கோட்டை அநாதையாக விட்டுவிட்டு இறங்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. அடுத்த இரண்டு நாள் அந்தக் கடையில் நெட்டே இல்லை. கடைக்காரர் தன் சரக்கிலிருந்தே தலைவலி மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒருமுறை சிலமலைக்கு ஒரு கல்யாணத்துக்கு அவரோடு பஸ்ஸில் போனேன். ஜன்னல் சீட்டைக் கொடுத்தது என் தப்பு. பாதி வழியில் துள்ளி எழுந்தார்.

"நிப்பாட்டுங்கண்ணே! அந்தா அந்த வீட்டு ஆண்டெனா குப்புறப் படுத்துக் கெடக்கு!"

யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்துக் கண்டக்டர் விசிலடித்துவிட்டார். இறங்கிப் போனவர்தான். தாலி கட்டி, பந்தி முடிந்து நான் திரும்பும்போதும் அதே மாடியில் நின்றுகொண்டிருந்தார். கீழே நின்ற வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அவருக்குச் சிக்னல் ஒரு பொம்பளை. 'மகராசி' என்பார். வந்தால் "வர்றா", போனால் "போறா". இந்தப் பழக்கம்தான் ஒருநாள் என் மகளின் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் மலைச் சரிவில் ஒரு ஏலத்தோட்ட ஆபீசில் வேலை பார்க்கிறேன், குடியிருப்பும் அங்கேயே. மகள் சுகன்யா பிளஸ் டூ முடித்து, விவசாயப் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று நெட்டில் வரிசையாகப் பதிந்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் அந்த வருஷம் போச்சு. மழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டதால் போடிக்கு இறங்க வழியில்லை. வீட்டில் தலைகீழாக நின்றாலும் சிக்னல் கிடையாது. ஒரே அதிர்ஷ்டம், ஆபீசுக்கு ஆண்டெனா மாட்ட வந்த ஒரு நூல் அண்ணனும் இறங்க முடியாமல் மேலேயே மாட்டிக்கொண்டதுதான். அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா என்ற சந்தேகம் எனக்கு மூன்று மணிக்கு மேல்தான் வந்தது.

நிழல் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னச் சந்து வழியாகத்தான் கீழே போடி டவர் தெரியும். அண்ணன் ஈரத் தோட்டத்துக்குள் அங்கும் இங்கும் அலைந்து அந்தச் சந்தைக் கண்டுபிடித்தார். ஆபீசுக்குக் கொண்டுவந்த ஆண்டெனாவோடு எங்கள் தகரக் கூரைமேல் ஏறினார். கீழே போனில் கோடு பார்த்துச் சொல்ல ஜீப்பு டிரைவர் சசி நின்றார். சசிக்குச் சொந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். பேச்சில் பாதி மலையாளம்.

அண்ணன் திருப்பினார். ஒரு கோடு வந்தது.

"போரா!" என்று கத்தினார் சசி.

அண்ணன் பதறிப்போய் ஆண்டெனாவைப் பழைய இடத்துக்கே திருப்பினார்.

"இப்ப ஒண்ணும் இல்லா அண்ணே!"

மறுபடி திருப்பினார். ஒரு கோடு.

"போரா! போரா!"

"போறாளா? இந்தா, விட்டனா பாரு!" மறுபடி பழைய இடம்.

இப்படியே ஒரு மணி நேரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். உள்ளே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த சுகன்யா, நாலேகாலுக்கு வெளியே ஓடிவந்தாள்.

"பெரியப்பா! சிக்னல் போகுதுன்னு அவரு சொல்லல! மலையாளத்துல போரான்னா பத்தலைன்னு அர்த்தம்!"

அண்ணன் கூரை விளிம்புவரை வந்து சசியை எட்டிப் பார்த்தார்.

"அதைத் தமிழ்ல சொல்லித் தொலைக்க வேண்டியதுதானய்யா!"

"ஞான் தமிழ்லதான பறஞ்சேன்!" என்றார் சசி.

அதன் பிறகு மளமளவென்று நடந்தது. இரண்டு கோடு, மூன்று கோடு. "மதி" என்று வாயெடுத்த சசி, என் முகத்தைப் பார்த்ததும் "போதும்!" என்று மாற்றிக்கொண்டார். ஆனால் ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பி நட்டின் மரை தேய்ந்துபோயிருந்தது. கையை எடுத்தால் ஆண்டெனா தலையைத் தொங்கப் போட்டது.

"நான் புடிச்சுக்கிறேன். நீ வெரசா போயி உன் சோலியப் பாரு தாயி" என்றார் அண்ணன்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தூறல் வலுத்தது. உள்ளே பக்கங்கள் ஊர்ந்து ஊர்ந்து திறந்தன. ஓடிபி வந்து, காலாவதியாகி, மறுபடி வந்தது. நாலாவது கோட்டைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. குடை பிடிக்க நான் ஏணியில் ஏறினேன். அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். தோட்டத்தில் அலைந்தபோது ஏறிய அட்டைகள் முழங்கால்வரை அப்பியிருந்தன. ரத்தம் மழைத்தண்ணீரோடு வழிந்துகொண்டிருந்தது. பிடுங்கக் கை நீட்டினேன்.

"தொடாதய்யா, ஆடிருவேன்" என்று பல்லைக் கடித்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுகன்யா வெளியே வந்தாள்.

"பெரியப்பா, பதிஞ்சாச்சு. இறங்குங்க."

"நல்லாப் பாத்தியா? இன்னொரு வாட்டி பாத்துட்டு வா ஆத்தா."

பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அப்புறம்தான் கையை எடுத்தார். கீழே வந்த பிறகும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன; சுகன்யாதான் டீ டம்ளரை அவர் வாயருகே பிடித்தாள். நான் உப்பை எடுத்துவந்து அவர் காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாக எடுத்தேன். "விடுய்யா, கூசுது" என்று நெளிந்தார். நான் விடவில்லை.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றிலிருந்து அந்தக் குறையும் இல்லை.