உப்புக் காத்துக்கு அசராத சிம்

இனி மனைவி மெஹரூன்னிசாவின் காதில் தன் பேச்சு முழுசாக விழுந்தே தீரவேண்டும் என்று ஹபீப் முஹம்மது சபதம் எடுத்தார். எடுத்த இடம், மரக்காணத்தில் அவருடைய ஹார்டுவேர் கடை. சாட்சிக்கு நாற்பது பெயிண்ட் டப்பாக்கள்.

விஷயம் பெரியது. கோட்டக்குப்பத்து ரவூஃப் பாய் தன் மகனுக்கு ஹபீப்பின் மகள் ஹம்னாவைப் பெண் கேட்டிருந்தார். அடுத்த மாதமே நிக்காஹ், படிப்பை அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் பேச்சு. ஹம்னா பாண்டிச்சேரியில் பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பதில் சொல்வதாக ஹபீப் ஒத்துக்கொண்டுவிட்டார். மனைவியிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

கூனிமேட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மனைவியிடம் நேரில் சொன்னால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். மனிதர் இருபத்தோரு வருஷம் தோஹாவிலிருந்து போனிலேயே குடும்பம் நடத்தியவர். ஊரோடு வந்து எட்டு மாதமாகிறது; இன்னும் மெஹரூன்னிசாவின் எதிரே உட்கார்ந்தால் மீன் குழம்பைத் தாண்டிப் பேச்சு வருவதில்லை. கடைக்கு வந்து போனைக் காதில் வைத்தால்தான் குடும்பத் தலைவரின் குரல் வரும்.

வந்தது.

"மெஹரு, ரவூஃப் பாய் ஒரு விஷயம் சொன்னாரு."

"சொல்லுங்க."

"நம்ம ஹம்னா நிக்காஹ் விஷயமா..."

"ஹலோ? ஹலோ? என்னங்க, ஒண்ணுமே கேக்கல. உப்புக் காத்து வீசுது போல."

கட்.

இந்த உப்புக் காற்று இன்று நேற்று வீசுவதல்ல. ஹபீப் தோஹாவில் இருந்த காலம் முழுக்க வீசியது. உப்பளத்திலிருந்து வரும் காற்று டவரை அரித்துவிடுகிறது என்று மெஹரூன்னிசா ஒரு தடவை சொன்னாள். அவர் நம்பினார். நம்பியதோடு விட்டாரா? அறையில் உடனிருந்த ஏழு பேருக்கும் அதை விஞ்ஞானமாக விளக்கினார். கம்பெனி சரியில்லை என்று அங்கிருந்தபடியே நாலு தடவை அவள் சிம்மை மாற்ற வைத்தார். கம்பெனிகள் மாறின. காற்று மாறவில்லை.

செல்போன் கடை வைத்திருக்கும் பிரபுவிடம் போனார்.

"பிரபு, எங்க ஊட்ல எந்த சிம் நல்லா எடுக்கும்? நம்பர் மாறக் கூடாது."

"பாய், இதோட அஞ்சாவது தடவ மாத்துறீங்க. ஈசிஆர்ல ரெண்டு எடத்துல லைன் கட்டாவும், அது உண்மை. கூனிமேட்டுல எல்லாமே எடுக்குதே!"

"உனக்குத் தெரியாதுப்பா. உப்புக் காத்து டவரை அரிக்குது."

"அப்படியா? உப்பளத்துக்கு நட்டநடுவுல நின்னுக்கிட்டு உப்பு வாருற ஆதிமூலம் நாள் பூரா ரீல்ஸ் பாக்குறாரே, எப்படி?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு எல்லாரும் செய்வதையே ஹபீப்பும் செய்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெஹரூன்னிசா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கம்பெனி மாற்றக் கேட்டு அவள் போனிலிருந்தே மெசேஜ் போனது. பிரபு கடைக்கு வந்து கைரேகையும் வைத்தாள். "மாத்துங்க. உங்க மனசுக்குத் திருப்தியா இருந்தா சரி" என்றாள். வியாழக்கிழமை ராத்திரி புது சிம் உயிர் பெற்றது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. கொல்லைப்பக்கம் சுற்றிப்போய்க் கிணற்றடியில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல். நம்பரைப் போட்டார்.

உள்ளே மெஹரூன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"மெஹரு, ஹம்னா நிக்காஹ் பத்தி..."

"ஹலோ?" என்றாள். போனைப் பிடித்த கையை மெல்ல நீட்டினாள். "ஹலோ..." இன்னும் நீட்டினாள். குரல் தேய்ந்தது. மறு கை சட்டியில் சங்கரா மீனைத் திருப்பிப் போட்டது. "கேக்கலியே... உப்புக் காத்து..." முழுக் கையும் நீண்டதும் கட்டைவிரலால் கட் செய்தாள். கரண்டியில் குழம்பைத் தொட்டு ருசி பார்த்தாள்.

ஹபீப்புக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை; கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, பழைய கட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். இந்தக் கிணற்றை மூடச் சொல்லித் தோஹாவிலிருந்து உத்தரவு போட்டது அவர்தான். அப்போது லைன் கட்டானது. மழை பொய்த்த வருஷம் தெருவே இதில்தான் தண்ணீர் எடுத்தது. பத்தாவதோடு மகன் ரயானை விசாவில் கூப்பிடுகிறேன் என்றார். கட். அவன் டிப்ளமோ முடித்து, இப்போது ஒரகடத்தில் வேலையில் இருக்கிறான்; மாதம் ரெண்டு தடவை அத்தாவைப் பார்க்க ஓடி வருகிறான். தன்னைப் போல மகன் தூரத்தில் கிடக்கவில்லை. பெண்ணுக்குக் காலேஜ் எதற்கு என்று கேட்டபோதும் அதே காற்றுதான்.

இருபத்தோரு வருஷம் தான் ஆண்டதாக நினைத்த வீட்டில், தன் உத்தரவு ஒன்றுகூட நடக்கவில்லை. அதனால்தான் வீடு நன்றாக இருக்கிறது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அது ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

எழுந்து உள்ளே போனார்.

"பாத்துட்டேன்" என்றார்.

"தெரியும். கெணத்தாண்ட வெள்ளைச் சட்டையோட நின்னா ஜன்னல்ல தெரியாதா?"

"தெரிஞ்சுதான் பண்ணியா?"

"பின்ன? இன்னும் எத்தினி சிம் மாத்துவீங்க? போன்ல சொல்றது ஈஸிங்க. யாரு மூஞ்சியையும் பாக்க வேணாம். இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, ஹம்னா படிப்ப நிறுத்திடுன்னு. கேட்டுக்கறேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். நடுவில் கடல் இல்லை. காற்றும் இல்லை. ஹபீப் வாயைத் திறந்தார். மீன் குழம்பு நன்றாக மணப்பதாகச் சொல்லலாம் என்று மட்டும் தோன்றியது.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ரவூஃப் பாய்.

மெஹரூன்னிசா நகரவில்லை. ஹபீப் எடுத்தார்.

"வ அலைக்கும் ஸலாம் பாய்... ஆமா, யோசிச்சோம். புள்ள படிச்சு முடிக்கட்டும் பாய்... இல்ல பாய், ரெண்டு வருஷம் ஆவும்... அதெல்லாம் சரி, ஆனா..."

அந்தப் பக்கம் ரவூஃப் பாய் குரலை உயர்த்தினார். தோஹாவிலிருந்து தன் குரலும் அவள் காதில் இப்படித்தான் ஒலித்திருக்குமோ? ஹபீப் மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஹலோ? ஹலோ பாய்? ஒண்ணும் கேக்கலியே... எங்க ஊர்ல இந்த உப்புக் காத்து..."

கட் செய்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்தைச் சொந்தமாகச் செய்த பெருமையோடு நிமிர்ந்தார்.

மெஹரூன்னிசா தட்டை எடுத்து வைத்தாள்.

"வாய்கிட்டயே வெச்சுக்கிட்டு கேக்கலன்னா யாருங்க நம்புவாங்க? அடுத்த தடவ கையை நல்லா நீட்டுங்க."