பூங்காவுக்கு வந்த சீர்

எனக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம். ("கொஞ்சமா?" என்று என் கணவர் கேட்பார். அவர் கிடக்கிறார்.) நாற்பத்திரண்டு வயதில் தலைகீழாக நிற்கக் கற்றுக்கொண்டவள் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

எங்கள் பகுதிப் பூங்காவில் காலை ஆறு மணிக்குக் கூட்டமாக யோகா செய்வோம். சொல்லிக்கொடுப்பவர் கோமதி மேடம். சத்தம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. தும்மல் வந்தால்கூடப் பாயை விட்டு எழுந்து, வேப்பமரம் வரைக்கும் போய்த் தும்மிவிட்டு வரவேண்டும். பெண்களுக்கென்று தனி வகுப்பு ஒன்று தொடங்கப்போவதாகவும், அதை நடத்த என்னை நினைத்திருப்பதாகவும் ஒருநாள் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கூட்டத்துக்கும் நான் ஒரு மணி நேரம் நடத்திக் காட்டவேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் வகுப்பு எனக்கு. இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே இருபது வருடம் ஓட்டியவளுக்கு டீச்சர் என்று சொந்தமாக ஒரு பெயர் கிடைக்கப்போகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நான் சிரசாசனத்தில் நிற்கிற படத்தை எழுமலையில் விவசாயம் பார்க்கும் என் தம்பி பாண்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் அத்தனை பேருக்கும் நான்தான் யோகா நடத்தப்போகிறேன் என்று பீற்றிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு நல்லது நடந்தால் பிறந்த வீட்டிலிருந்து தம்பி சீர் கொண்டுவந்தாக வேண்டும். காதுகுத்தோ, சடங்கோ, வீடு குடிபோவதோ, எதுவானாலும் மாலை, தாம்பாளத் தட்டு, முன்னால் கொட்டு. யோகாவுக்கு அந்த வழக்கம் கிடையாது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. (சொல்லவேண்டியிருக்கும் என்று யார் கண்டது?)

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனால், பூங்கா வாசலில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ். "எழுமலை பெற்றெடுத்த யோகப் புயலே, வருக!" புயல் நான்தான். ஆனால் ஃப்ளெக்ஸ் அடித்த மகராசன் தலைகீழான படத்தைப் பார்த்து, யாரோ தவறாக அனுப்பிவிட்டார்கள் என்று நேராகத் திருப்பி அடித்துவிட்டார். நான் அந்தரத்தில் விறைப்பாக நிற்கிறேன். என் தலைக்கு மேலே புல்தரை, காலுக்குக் கீழே வானம். கோமதி மேடம் அதை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பாயை விரிக்கப் போய்விட்டார்.

இருந்தாலும் வகுப்பை ஜம்மென்று நடத்தினேன். மேடமே இரண்டு முறை தலையாட்டினார். கடைசியாகத் தியானம். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, நானும் மூடிக்கொண்டு, "இப்போது உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது" என்று உருகி உருகிச் சொன்னேன். கொட்டுச் சத்தம் கேட்டது. வெளிச்சத்தங்களைக் கவனிக்காதீர்கள் என்று சமாளித்துப் பார்த்தேன். அது வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் கண்ணைத் திறப்பதற்குள் கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை விழுந்துவிட்டது.

எதிரே வெள்ளை வேட்டி சட்டையில் பாண்டி. அவன் பின்னால் தட்டும் கையுமாகச் சொந்தக்காரர்கள் வரிசை, முதல் ஆளாக லட்டுத் தட்டோடு எங்கள் பெரியம்மா. பாதிப் பேர் தியானத்தை விட்டுவிட்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோமதி மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு, இவர்களெல்லாம் யார் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். இன்றைக்கும் அந்த ஒரு நொடிக்காக வெட்கப்படுகிறேன்.

அதற்குள் பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். வாசலில் பார்த்த ஃப்ளெக்ஸ் அவர் மனதில் நின்றுவிட்டது. "ஏன்டி, சும்மா நிக்கிறதுக்கா இம்புட்டு ஏற்பாடு? ரேஷன் கடையில நாங்க நிக்காததா?"

சொந்தம் மொத்தமும் சிரித்தது. பாண்டியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "நீ வீடு குடிபோனப்ப கெணறு வத்திப்போயி வெறுங்கையோட வந்து நின்னேன்க்கா. இதுக்காச்சும் செய்யணும்னு நெனச்சேன்."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிட்டது. "என் தம்பி மேடம்" என்று பூங்காவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். மாலையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையைப் பாயில் ஊன்றிக் காலைத் தூக்கினேன். நின்றேன் ஐயா, ஆடாமல் அசையாமல் நின்றேன்! கொட்டுக்காரர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாமி வந்தவளுக்கு அடிக்கிற அடியை அடித்துத் தள்ளிவிட்டார்கள். பெரியம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குலவை போட்டார்.

அந்தத் தட்டை எங்கே வைத்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. இறங்கியபோது என் இரண்டு காலும் லட்டுக்குள் இறங்கின. தெறித்ததில் பாதி கோமதி மேடத்தின் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

வகுப்பு எனக்கு இல்லை என்று மேடம் அங்கேயே சொல்லிவிட்டார். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள், எங்களோடு யோகா செய்யும் கோரிப்பாளையம் பாத்திமாக்கா நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "மேடம்கிட்ட தும்முறதுக்கே பயமா இருக்கு டீச்சர். நீங்க சொல்லிக்குடுங்க" என்றார். டீச்சர் என்று அவர் கூப்பிட்டதில், காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஐந்து பேரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். இன்றைக்கு அதே பூங்காவின் மறுகோடியில் முப்பத்துநான்கு பெண்கள் என்னிடம் கற்றுக்கொள்கிறார்கள்.

என் கணவர் மட்டும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இதை விடுவதில்லை. "எல்லா வீட்டுலயும் பொண்ணு சடங்கானாச் சீர் கொண்டாருவாய்ங்க. எங்க வீட்டுல பொண்டாட்டி தலைகீழா நின்னதுக்குக் கொண்டாந்தாய்ங்க" என்பார். பந்தியே சிரிக்கும், நானும் சிரிப்பேன். பாண்டி இருந்தால் அவன் மட்டும் சிரிக்கமாட்டான். சோற்றிலிருந்து கையை எடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "பதினோரு தட்டு மாமா" என்பான்.