ரங்கர் இல்லையாம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அன்புராசாவின் போன் சிணுங்கியது. கிறிஸ்துநாயகம் அண்ணையிடமிருந்து ஒரு மெசேஜ். ஆங்கிலத்தில் ஒரேயொரு வரி: உம்மில் எனக்கு 'ரங்கர்' இல்லை.

மற்றச் சொற்களெல்லாம் அன்புராசாவுக்குத் தெரியும். அந்த ரங்கர்தான் இடித்தது. அதைவிட, பெருவிரல் படத்தைத் தவிர வேறெதையும் அனுப்பியறியாத மனிதர் இதை ஏன் அனுப்பினார் என்பது இன்னும் இடித்தது.

கிறிஸ்துநாயகம் இருப்பது விட்பியில். அன்புராசா, அவர் வேலைக்குப் போகும் வழியிலுள்ள ரூஜில். இருவருக்கும் மிசிசாகாவில், விமான நிலையத்துக் கார்கோ ஷெட்டில் ஒரே ஷிஃப்ட். கண்ணில் சத்திரசிகிச்சை செய்த அன்புராசாவைக் கார் ஓடவேண்டாமென்று டொக்டர் மறித்ததிலிருந்து, விடியமுதல் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவது அண்ணைதான். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்பினால் பாதி ஷிஃப்ட் போய்விடும். பாதி ஷிஃப்ட் போனால் வேலையும் போய்விடும்.

மகள் நிலாணியிடம் போனை நீட்டினார்.

"இது கோபம் மாதிரி, அப்பா. பட் கோபம் இல்ல. கோபம் பால் பொங்கிற மாதிரி, உடன அடங்கிடும். இது உள்ளுக்குள்ள வச்சு வச்சுப் பழசாக்கிறது. பழைய ஒயில் ஒரு மாதிரி மணக்குமே..."

"காறிப்போன எண்ணெய்," என்று குசினியிலிருந்து எடுத்துக்கொடுத்தாள் மனைவி யூஜினி.

"அதேதான். இங்கிலிஷில அதுக்குச் சொல்லுற சொல்லும் இதுவும் ஒரே வேர்."

"அப்ப வன்மம்," என்றார் அன்புராசா.

"யெஸ். ஆனா ஒரு ஃபன்னி திங். இந்தச் சொல்லை 'இருக்கு' எண்டு ஆக்கள் எழுதுறது குறைவு. 'இல்லை' எண்டுதான் கூட எழுதுவினம்."

யூஜினி அகப்பையுடன் வெளியே வந்தாள். "இல்லாததை ஏன் மனுசன் எழுதோணும்? எனக்கு உங்களில வன்மம் இல்லையெண்டு நான் எண்டைக்காவது எழுதினனானே?"

"இல்லை."

"ஏனெண்டால் எனக்கு இருக்கு." அவள் போனை வாங்கிப் பார்த்தாள். "இது தவக்காலமல்லே. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகமுதல் அண்ணை உங்களை மன்னிச்சு விட்டிருக்கிறார். அப்ப நீங்கள் அவருக்கு ஏதோ செய்திருக்கிறியள்."

"ஜஸ்ட் ஆஸ்க் ஹிம், அப்பா," என்றாள் நிலாணி.

"கேட்டால், செய்ததுகூட ஞாபகம் இல்லையெண்டு இன்னும் நோகும்."

காரில் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து குறட்டை விடுவதுதான் குற்றம் என்று அன்புராசா முடிவு கட்டினார். திங்கட்கிழமை பின் சீற்றில் ஏறினார்.

"ஏன் பின்னுக்கு?"

"உங்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது, அண்ணை."

"நான் என்ன ராக்சிக்காரனே?"

நெடுஞ்சாலையில் ஏறியபிறகு கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் அண்ணை. "மெசேஜ் கண்டனீரோ?"

"கண்டனான்."

"எப்பிடி?"

"நல்லா விளங்கிச்சுது, அண்ணை," என்றார் அன்புராசா மெதுவாக.

இன்னும் ஏதோ சொல்வார் என்று காத்திருந்தவர்போல் இருந்த அண்ணை, கடைசியில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அப்படியென்றால் குறட்டை இல்லை. காருக்குள் பாணோடு சாப்பிடும் மாசிச் சம்பலாகத்தான் இருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை கண்ணாடியில் தொங்கவிடும் வாசனை அட்டை ஒன்றைக் கொண்டுபோனார்.

"என்ர கார் மணக்குது எண்டு சொல்லுறீரோ?"

"இல்லை, அண்ணை. மணக்கிறது நான்தான்."

அண்ணை அன்றைக்கு ரேடியோவும் போடவில்லை.

மீதியிருப்பது நேரே மன்னிப்புக் கேட்பதுதான். புதன்கிழமை சாப்பாட்டு அறையில், நாலு பேர் பார்த்திருக்க அன்புராசா எழும்பி நின்றார். "அண்ணை, நான் செய்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்ன செய்தனீர்?"

"உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியாது!"

"அது உங்கட பெரிய மனம், அண்ணை."

கிறிஸ்துநாயகம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். கார் பார்க்கில், கொட்டுகிற பனிக்குள் குனிந்து, காரைச் சுற்றிச் சுற்றிக் கீறல் தேடினார்.

வியாழக்கிழமை வழமையான நேரத்துக்குக் கார் வரவில்லை. மூலையில் நின்ற அன்புராசாவுக்குக் காது விறைத்தது. வேலைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அதே கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது அண்ணையின் மனைவி மக்டலீன்.

"ஏறுங்கோ. அவர் உங்களோட வரமாட்டாராம், விடிய ரெயின் பிடிச்சுப் போட்டார். எனக்கு உங்களை இந்தக் குளிருக்குள்ள விட மனம் வரேல்ல."

"அக்கா, நான் அவருக்கு என்ன செய்தனான்?"

"அதைத்தான் கேட்டுக் கேட்டு அவரும் என்னைப் போட்டு அரிச்சவர்."

அன்புராசா போனை எடுத்து மெசேஜைக் காட்டினார். சிவப்பு விளக்கில் நின்றபடி வாசித்த மக்டலீன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள்.

"இது வீட்டுப்பாடம்! சனிக்கிழமைகளில லைப்ரரியில இங்கிலிஷ் வகுப்புக்குப் போறார். வெட்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ரீச்சர் ஆளுக்கொரு சொல் குடுப்பா. அந்தச் சொல்லை வச்சு, ஒரு உண்மையான ஆளுக்கு உண்மையான வசனம் ஒண்டு அனுப்போணும். அப்பதான் சொல் மனசில நிக்குமாம். ஆரில தனக்கு உந்த வன்மம் துளியும் இல்லையெண்டு யோசிச்சு, உங்களைத்தான் பிடிச்சவர். எனக்கு அனுப்பேல்ல, கவனியுங்கோ."

'எப்பிடி?' என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்திருந்த அந்தக் கண்கள் அன்புராசாவுக்கு இப்போதுதான் விளங்கின.

"இப்ப நான் என்ன செய்யிறது, அக்கா?"

"தயவுசெய்து வேற ஒண்டும் செய்யாதேங்கோ. 'எனக்கும் உங்களில இல்லை' எண்டு அந்த மெசேஜுக்கு ஒரு பதில் போடுங்கோ. பதிலையும் காட்டினாத்தான் ரீச்சர் சரி போடுவா." விளக்கு பச்சையாகியது. "ஆனா கெதியாப் போடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல்லின்ர கருத்து அவருக்கு அரைகுறையாத்தான் தெரியும். இப்ப முழுசா விளங்கிட்டுது."