கிரேனுக்கு வந்த நோய்

கிரேன் மூன்றாவது முறையாக அலாரம் அடித்து அலறிவிட்டு நின்றது. கொக்கியில் மாட்டியிருந்த பிரஸ் மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன டாக்டர், உங்க பேஷன்ட் என்ன சொல்லுது?" என்றார் மேனேஜர்.

டாக்டர் என்பது பராமரிப்பு மேற்பார்வையாளருக்குத் தொழிற்சாலை வைத்த பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியை நினைத்தால் அவருக்கே தன்மேல் சந்தேகம் வரும்.

அந்த வேலையில் அவரை இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. பழைய பிரஸ்ஸைக் கிளப்பிவிட்டு அதே இடத்தில் புதியதை இறக்க வேண்டும். இன்று அது நடந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி பேக்கிங் பிரிவு என்று மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் ஏணியில் ஏறினார். கொக்கியின் வாய் விரிந்திருக்கவில்லை. கம்பி வடத்தைக் கந்தைத் துணியால் சுற்றி உருவினார். ஓரிடத்தில் துணி மாட்டியது. ஒரே ஒரு இழை அறுந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வடத்தையே மாற்றினார். கிரேன் முன்னைவிடச் சத்தமாக அலறியது.

பிரேக் பிடித்துக்கொள்கிறதோ என்ற சந்தேகத்தில் அதையும் கழற்றிப் புதிதாக மாட்டினார். இந்த முறை அலறலோடு, மேலே உத்தரமும் சேர்ந்து முனகியது. காலையிலிருந்து அண்ணாந்தே பார்த்ததில் டாக்டருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

பிரஸ்ஸை ஓட்டுகிறவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. இவர் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவன். அக்கா வீட்டுக்காரர் படும் பாட்டைப் பார்த்து, அவனும் சாப்பிடக்கூடப் போகாமல் அங்கேயே கிடந்தான். போய்ச் சாப்பிடச் சொன்னார் டாக்டர்.

"இருக்கட்டும் மாமா. கீழ நான் பார்த்துக்கறேன், நீங்க மேல பாருங்க."

இப்படியும் ஒரு மைத்துனனா என்று டாக்டருக்கு மனம் நெகிழ்ந்தது.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "அலாரத்துக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கு. ஒயரைப் பிடுங்கிட்டுத் தூக்குங்க."

டாக்டர் கிரேன் சுவிட்சை மறித்துக்கொண்டு நின்றார். "முடியலைன்னு அது வாய் விட்டுச் சொல்லுது சார். வாயைப் பொத்தி வேலை வாங்கச் சொல்றீங்க. என்னால முடியாது."

சொல்லிவிட்டாரே தவிர, பேக்கிங் பிரிவின் பசை வாசனை இப்போதே மூக்கில் ஏறியது. 'பழுது, தொடாதீர்கள்' என்று ஓர் அட்டையில் எழுதிக் கிரேன் சுவிட்சில் தொங்கவிட்டார்.

மேனேஜர் வாடகைக்கு ஒரு கிரேன் வண்டியை வரவழைத்தார். அதன் டிரைவர் பிரஸ்ஸைப் பார்த்தார். இந்தச் சுண்டைக்காய்க்கா என்னைக் கூப்பிட்டீர்கள் என்பதுபோல் கொட்டாவி விட்டுக்கொண்டே லீவரை இழுத்தார். வடம் விறைத்தது. பிரஸ் எழவில்லை. வண்டியின் பின்சக்கரங்கள்தான் மெல்லத் தரையை விட்டு எழுந்தன. கொட்டாவி பாதியில் நின்றது. அவசரமாக வடத்தைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கினார்.

"இதுக்கும் ஒரு அட்டை எழுதிடுங்களேன், டாக்டர்," என்றார் மேனேஜர்.

அந்த ஸ்க்ரூ டிரைவரைத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டுப் பார்க்கலாமா என்று டாக்டர் யோசித்தார். கோளாறு இரண்டு கிரேனிலும் இல்லை, தன்னிடம்தான் என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார்.

அப்போது பிரஸ்ஸின் பின்னாலிருந்து மைத்துனன் நிமிர்ந்தான். முகமெல்லாம் வியர்வை, கையில் பெரிய ஸ்பேனர்.

"நீங்க பயப்படாம எத்தனை கிரேனை வேணும்னாலும் டெஸ்ட் பண்ணுங்க மாமா, மெஷின் எங்கேயும் போகாது. ஒவ்வொரு இழுப்புக்கும் மெஷினைத் தரையோட பிடிச்சிருக்கிற போல்ட்டெல்லாம் லூசாகுது, நான்தான் உடனுக்குடனே முறுக்கிட்டே இருக்கேனே."