ஃப்ரிட்ஜுக்குள் ஓர் அன்லிமிடெட்

திருச்செங்கோடு,
17-02-2025, திங்கட்கிழமை, காலை 7.10.
இந்த நிமிடம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பவை: தக்காளி எட்டு, கறிவேப்பிலை ஒரு கட்டு, திரிந்த பால் ஒரு லிட்டர், அப்பாவின் செல்போன் ஒன்று.

மரியாதைக்குரிய சென்னியப்பன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் ஜெயபிரகாஷ் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், அம்மா, மாடு மூவரும் சுகம். அப்பா சுகமா என்பது இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ராய்ப்பூர் பக்கம் வெயில் ஆரம்பித்துவிட்டதா, ரிக் வண்டி மக்கர் செய்யாமல் ஓடுகிறதா, சாப்பாடு வேளைக்குக் கிடைக்கிறதா என்றெல்லாம் முறைப்படி கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னேன். ஒவ்வொரு தடவையும், "சத்தம் கேக்குல சாமி, கம்ப்ரஸர் ஓடுது, பொறவு பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் பதிலுக்கு ரோஜாப்பூ படம் போட்டு இனிய காலை வணக்கம் சொல்கிறீர்கள், அதுவும் சாயங்காலத்தில். அதனால்தான் காகிதம். கம்ப்ரஸர் ஓடினாலும் காகிதம் கேட்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்புத் தட்டு விலகி, இனி லாரியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நீங்கள் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறீர்கள், அப்பா இங்கே கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார். சும்மா பார்க்கவில்லை, காலையில் காபி குடித்ததும் வீடியோ கால் போட்டு, பொழுது சாயும்வரை பார்க்கிறார். குழிக்கு எதிரே நீங்கள் நட்டுவைத்திருக்கும் போன் வழியாக, வெளியே வருகிற மண் சிவப்பா, கருப்பா, தண்ணீர் இல்லாத வெறும் புழுதிப் புகையா என்று பார்த்து, "மாப்ள, பாறை மாறுது, மெதுவா எறக்கு" என்று இங்கிருந்து கத்துகிறார். அங்கிருந்து "செரிங்க மச்சான்" என்று ஒரு குரல் வரும். அதற்கப்புறம்தான் அவருக்குச் சோறு இறங்கும். நாள் பூராவும் வீடியோ கால் ஓட வேண்டுமானால் டேட்டா ஆறாக ஓட வேண்டும். அந்த ஆறு நம்மிடம் இருக்கிறது. புது நெட்வொர்க் வந்த காலத்தில் நீங்கள் ஒரே நாளில் இரண்டு சிம் வாங்கினீர்கள், ஒன்று வண்டிக்கு, ஒன்று அப்பாவுக்கு. இரண்டிலும் அன்லிமிடெட். தினசரி வரம்பு கிடையாது, வேகம் குறையாது. இப்போது அந்தக் கம்பெனி யாருக்கும் அதை விற்பதில்லை. வேறு பிளானுக்கு ஒரே ஒரு தடவை மாறினாலும், சிம்மை வேறு ஆள் பெயருக்கு மாற்றினாலும் அது போய்விடும், திரும்பக் கிடைக்காது. இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை அல்லவா? நல்லது.

சிக்கல் போனில்தான். அப்பாவின் போன் செத்துக்கொண்டிருக்கிறது. திரையில் பச்சைக் கோடுகள். பேட்டரி உப்பிப் பின்மூடி வாய் பிளந்துவிட்டதால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார். தொட்டால் தோசைக்கல். பொங்கலுக்கு நானே பார்த்துப் பார்த்து ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். இந்த சிம்மைக் கழற்றி அந்தப் போனில் போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. பொங்கல் எப்போது முடிந்தது என்று உங்களுக்கே தெரியும்.

அப்பா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா மாமா? அன்லிமிடெட் போனுக்குள் இருக்கிறதாம்.

"அப்பா, அது போன்ல இல்ல. சிம்ல கூட இல்ல. கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல உங்க நம்பருக்கு நேரா எழுதி வெச்சிருக்கான். போன் வெறும் கொழாய்."

"கொழாய்ங்கறயல்ல? கொழாய எங்க எறக்குனமோ அங்கதான சாமி தண்ணி வரும்? பத்தடி அக்கட்ட தள்ளி எறக்கிப் பாரு, பொகைதான் வரும்."

"இது போர் இல்லீங்கப்பா!"

"எல்லாம் போர்தான். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் போர்தான். முன்னூறு அடியில தண்ணி வந்துருச்சுன்னா அதுக்கு மேல மிசின்ல கைவெக்கக் கூடாது. ஊத்துக் கண்ணு அடைச்சுக்கும்."

எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் நான்கு வருடம் படித்தவன் நான். அலைக்கற்றை, கோபுரம், அலைநீளம் எல்லாம் படம் போட்டு விளக்கினேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி எந்தப் பக்கம்?" என்றார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வருகிறேன், வாசலில் நீரோட்டம் பார்க்கும் சென்றாயன் நிற்கிறார். நம் வண்டிக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் அதே ஆள், உள்ளங்கையில் அதே தேங்காய். பழைய போனைத் தரையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். தேங்காய் எழுந்து நின்றது. புதுப் போனை வைத்துச் சுற்றினார். தேங்காய் படுத்தே கிடந்தது.

"இதுல ஊத்து இல்லீங்க அப்புசாமி அண்ணா," என்றார் அப்பாவிடம்.

"அதுல சிம்மே இல்லீங்க!" என்று நான் கத்தினேன்.

"அதத்தான் தம்பி நானும் சொல்றன்," என்றார் அவர் அமைதியாக. அம்மா அந்தத் தேங்காயை வாங்கிச் சட்னி அரைத்துவிட்டாள். வீட்டில் அன்று நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஒருவழியாக, போன வாரம் பேட்டரி இன்னும் கொஞ்சம் உப்பி, படம் நின்று நின்று வர ஆரம்பித்ததும் அப்பா இறங்கி வந்தார். மூன்று பேருமாகப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனோம். பழைய போனை அவர் மடியிலேயே கட்டிக்கொண்டார், யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் அன்லிமிடெட் ஆவியாகிவிடுமாம். கவுண்டரில் சௌமியா என்று ஒரு பெண். சிம்மைக் காட்டச் சொன்னாள். நான் விஷயம் தெரிந்தவன், அதனால் காட்டாமலே சுருக்கமாகச் சொன்னேன்: பழைய போனில் இருப்பது பெரிய அளவு, புதுப் போன் சின்ன அளவுதான் எடுக்கும், ஆகவே அதே நம்பருக்குச் சின்ன சிம் ஒன்று புதிதாகப் போடு. அவளும் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"சென்னியப்பன் யாருங்க?"

"என்ற மாப்ள. போர் போடப் போயிருக்கறான்," என்றார் அப்பா.

"சிம் அவங்க பேர்ல இருக்குதுங்க. அவங்களே ஆதாரோட நேர்ல வந்து போட்டோவுக்கு நிக்கோணும். இல்லைன்னா உங்க பேருக்கு மாத்திக்கலாம், ஆனா இந்த பிளான் போயிரும்."

"பார்த்தயா?" என்று அப்பா என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் ஊற்றை அடைத்தவன் மாதிரி.

அப்போது அம்மா முன்னால் வந்தாள். "ஏம் புள்ள, அவன் என்ற கூடப் பொறந்த தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே மொகரைன்னு ஊரே சொல்லும். என்னையப் போட்டோ எடுத்துக்க."

"மீசை இருக்குதுங்களே அக்கா, அந்தப் படத்துல."

"அவனுக்கு அது ஒட்டவே ஒட்டாது, எடுத்துப் போட்டா இதே மொகந்தான். நீ எடு."

கேமரா முன்னால் உங்களைப் போலவே தாடையைத் தூக்கி, ஒரு புருவத்தை ஏற்றி நின்றாள் மாமா. உண்மையாகவே உங்களை மாதிரிதான் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சௌமியா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுத் தோற்றாள். நான் வெளியே போய் டீ குடித்தேன்.

சரி, நீங்கள் வரும்வரை ஒப்பேற்ற வேண்டுமே. நான் ஒரு வழி சொன்னேன், அதற்காக என்னைத் திட்டுவதாக இருந்தால் வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நில்லுங்கள். பழைய போனில் ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டால் அதிலிருக்கும் டேட்டாவைப் புதுப் போன் வாங்கிக்கொள்ளும், வீடியோ கால் புதுப் போனில் ஓடும். தொழில்நுட்ப ரீதியாகச் சரியான யோசனை. புதுப் போனில் கால் மணி நேரம் வட்டம்தான் சுற்றியது, படம் தெரிவதற்குள் பழைய போன் கொதித்து அணைந்துவிட்டது. நான் ஆபீஸுக்குப் போன நேரம் பார்த்து அப்பா அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். கொதிக்கிற இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆள் அல்லவா! ஆனால் ஃப்ரிட்ஜ் ஓர் இரும்புப் பெட்டி, கதவை மூடினால் சிக்னல் உள்ளே போகாது. அதனால் கதவைத் திறந்து, இடையில் ஒரு செங்கல் வைத்துவிட்டார், அப்படியும் படம் வரவில்லை. அம்மா தோட்டத்திலிருந்து வந்து பார்த்தபோது பால் திரிந்திருந்தது, தயிர் கெட்டிருந்தது, தரையெல்லாம் தண்ணீர். அம்மா பேசியதை நான் எழுத மாட்டேன், காகிதம் தாங்காது. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள்: "ஏனுங்க, அந்தக் குழியவே பார்த்துட்டு இருக்கறீங்களே, இந்தப் பாலக் கொஞ்சம் பார்த்திருக்கக் கூடாதுங்களா?"

அப்பா செங்கல்லை எடுத்துவிட்டு, போனை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்தினார் மாமா. இரண்டு நாளாக வீடியோ கால் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறார். சோறு வைத்தால் பிசைகிறார், தின்பதில்லை. நேற்று என்னிடம், "எத்தன அடி போயிருப்பாங்க?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொன்னேன். சொன்ன விதம் அவ்வளவு நன்றாக இல்லை.

ஆகவே, ஒரே வரியில்: வண்டியை நிறுத்திவிட்டு நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள், பிறகு திரும்பிப் போய்விடலாம். வராவிட்டால் அன்லிமிடெட் போய்விடும், அதோடு அப்பாவும் பாதி போய்விடுவார். சாக்குச் சொல்லாதீர்கள், கம்ப்ரஸர் சத்தமும் வேண்டாம்.

மலைமேல் இருக்கிற சாமி உங்களுக்கும் வண்டிக்கும் துளை போடும் ராடு உடையாத பாறையாகக் கொடுக்கட்டும். அம்மா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதையும் தெரிவிக்கிறேன்.

பணிவுள்ள மருமகன்,
ஜெயபிரகாஷ்

பின்குறிப்பு: வர வேண்டாம்.

நான் கையெழுத்துப் போடும்போது சமையலறையில் 'டக்' என்று ஒரு சத்தம். அம்மா ஃப்ரிட்ஜைத் துடைக்கப் போனவள், போனை வெளியே எடுத்து, ரப்பர் பேண்டை உருவி, சிம்மைக் கழற்றிக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தியிருக்கிறாள். சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டம் தனியாக வந்துவிட்டது, உள்ளே சின்ன சிம். அந்தக் காலத்து சிம்மெல்லாம் அப்படித்தான் ஏற்கெனவே வெட்டுப் போட்டு வரும். எனக்குத் தெரியும். கடையில் ஞாபகம் வரவில்லை. இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

புதுப் போனில் போட்டோம். அன்லிமிடெட் அப்படியே வந்தது. அப்பா வீடியோ கால் போட்டார். திரை பெரியது, கோடு கிடையாது, மண்ணின் நிறம் மட்டுமல்ல, ஈ பறப்பதுகூடத் தெரிகிறது. சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு ராடு ஏற்றுகிறவரைப் பார்த்து, "மாப்ள, நல்லா இருக்கறயா?" என்றார் அப்பா. "செரிங்க மச்சான்" என்று பதில் வந்தது. அது நீங்கள் இல்லை மாமா. ஜார்க்கண்டிலிருந்து நம் வண்டிக்கு வேலைக்கு வந்த சுக்ராம். இத்தனை நாளும் அப்பா கத்தியதெல்லாம் அவனிடம்தான் போலிருக்கிறது. அவனுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்த தமிழ் அந்த இரண்டு வார்த்தைதான் என்பதும் உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் "சென்னியப்பன் எங்கடா?" என்று கேட்டதற்கும் "செரிங்க மச்சான்" என்றான். பிறகு நல்ல பிள்ளையாகப் போனைத் திருப்பிக் காட்டினான். வண்டி நிழலில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் நீங்கள். வாய் திறந்திருந்தது.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "ஆள் இல்லாம மிசின் ஓடுது, நான் போகோணும்," என்றார். இடுப்பு? "டாக்டரு லாரியத்தான் வேண்டாம்னாரு. ரயிலப் பத்தி ஒண்ணுமே சொல்லுல." அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் உள்ளே போய் அவருக்குச் சட்டை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆகவே நான் அடுத்துச் செய்யப்போவது:

1. ஈரோட்டிலிருந்து ராய்ப்பூருக்குக் கீழ்ப் படுக்கையாக ஒரு டிக்கெட் போடுவேன்.

2. இந்தக் கடிதத்தை அப்பாவின் பையில் வைப்பேன். அவரே கொண்டுவந்து கொடுப்பார். எழுந்து நின்று வாங்குங்கள்.

3. உப்பிய பேட்டரியை ஒழுங்காக அப்புறப்படுத்துவேன், மாட்டுக் கொட்டகையில் அல்ல.

4. அன்றைக்கே சிம்மைக் காட்டாததற்குச் சௌமியாவிடம் போய் மன்னிப்புக் கேட்பேன். இரண்டு தடவை கேட்க வேண்டி வரலாம், பார்க்கலாம்.

5. சிம்மைப் புதுப் போனிலிருந்து கழற்றி அம்மாவின் போனில் போடுவேன். அங்கே அவர் இடுப்பைக் கவனிக்காமல் ராடு தூக்குகிறாரா என்று நாள் பூராவும் இவள் பார்க்க வேண்டுமாம், இவள் பிளானில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். அப்பாவிடம் பயந்து பயந்துதான் கேட்டேன். பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எடுத்துக்கச் சொல்லு சாமி. நான்தான் அங்கயே இருக்கப் போறனே, எனக்கெதுக்கு அது?"